லண்டன் ஜெரேனியமும் பாண்டிருப்புப் பட்டிப்பூவும்

ஆனி பிறந்தால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற நம்மவர்களின் தோட்டப் படங்கள் வட்ஸ்அப்பில் வரிசையாக வரத் தொடங்கும். ரோசாவும் தக்காளியும் போக, வேலியோரமாக முழங்கால் உயரத்துக்குப் படர்ந்து, நடுவில் வெண்மை தெறித்த நீலப்பூக்களோடு ஒரு செடி அநேகமான படங்களில் நிற்கும். ஜெரேனியம். மார்கழியில் அது நின்ற இடத்தில் வெறும் மண்ணும் நாலு காய்ந்த காம்பும்தான் இருந்திருக்கும். "வரக்குள்ள ஒரு கிழங்கு கொண்டுவாங்க அக்கா, நம்மட வளவிலயும் வெச்சுப் பாப்பம்" என்று பாண்டிருப்பிலிருந்து பதில் போகும்.

வைத்துப் பார்க்கலாம், பிழைக்காது. குளிர்நாட்டுச் செடி, நம் வெயில் தாங்காது என்று காரணம் சொல்லிவிட்டுப் போகலாம். அது பாதிதான் சரி. உறைபனியில் கிடந்து உயிர் மீளும் செடியின் கலத்துக்குள் நடக்கிற போராட்டமும், நம் கடற்கரை மணலில் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் செடியின் கலத்துக்குள் நடக்கிற போராட்டமும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியிருந்தும் ஒன்றின் ஊரில் மற்றது ஏன் வாழ்வதில்லை என்பதே யோசிக்க வேண்டிய விடயம்.

முதலில் ஓர் ஆள் மாறாட்டத்தைத் தீர்த்துவிட வேண்டும். நுவரெலியாவில் வீட்டு முகப்புகளில் சாடியில் சிவப்பாகப் பூத்து நிற்கும் 'ஜெரேனியம்' வேறு. அது பெலர்கோனியம்; தென்னாபிரிக்காவைச் சேர்ந்தது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாசனை எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் 'ஜெரேனியமும்' பெலர்கோனியம்தான். 1753 இல் லின்னேயஸ் இரண்டையும் ஒரே பேரினத்தில் சேர்த்துவிட்டார். 1789 இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே அவற்றைப் பிரித்து வைத்தார். நாற்றுக் கடைக்காரர்கள் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் பழைய பெயரை விடவில்லை. அடையாளம் காண்பது சுலபம். உண்மை ஜெரேனியத்தின் ஐந்து இதழ்களும் ஒரே அளவாக, வட்டமாக அமைந்திருக்கும். பெலர்கோனியத்தில் மேலிரண்டும் கீழ்மூன்றும் வேறுபடும். இன்னொரு வேறுபாடு கடுமையானது: ஓர் இரவு உறைபனி விழுந்தால் சாடிப் பெலர்கோனியம் கறுத்துச் செத்துவிடும். உண்மை ஜெரேனியம் மேலே செத்தாலும் கீழே உயிரோடிருக்கும்.

இந்த உண்மை ஜெரேனியங்கள் நானூறு இனங்களுக்கு மேல் உண்டு. குளிர்நாடுகளும் வெப்பநாடுகளின் உயர்ந்த மலைகளும் இவற்றின் இடம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் புல்வெளிகளில் நேபாள ஜெரேனியம் என்ற சிறுபூ இனம் தானாகவே வளர்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவானது காய். கொக்கின் அலகு போல நீண்டு நிற்கும் அந்தக் காய் முற்றிக் காயும்போது அதன் ஐந்து பட்டிகளும் உள்ளே இழுவிசையோடு முறுகி நிற்கும். ஒரு கணத்தில் அடியிலிருந்து பிய்ந்து மேல்நோக்கிச் சுருண்டு விதையைத் தூர எறியும். நம் முற்றத்துக் காசித்தும்பையும் காயை வெடித்து விதையெறியும். ஆனால் காசித்தும்பை அதைச் செய்வது கலங்களில் நிறைந்த நீரின் அழுத்தத்தால். ஜெரேனியம் செய்வது காய்ந்து சுருங்குவதால்.

பூக்களுக்கும் பூச்சிகளுக்குமான உறவை மனிதன் படிக்கத் தொடங்கியதிலும் இந்தச் செடிக்கு ஒரு பங்குண்டு. 1787 இல் ஜெர்மனியில் ஸ்பிரெங்கல் என்ற பாடசாலை அதிபர், காட்டு ஜெரேனியத்தின் இதழடியில் மெல்லிய உரோமங்கள் இருப்பதைக் கவனித்தார். படைத்தவன் ஒரு மயிரையும் வீணாக வைத்திருக்க மாட்டான் என்று நம்பிய மனிதர் அவர். அந்த உரோமங்கள் தேன்துளியில் மழைநீர் கலக்காமல் காக்கின்றன என்று ஊகித்து, அங்கிருந்து நூற்றுக்கணக்கான பூக்களை ஆராய்ந்து 1793 இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் வாழ்ந்த காலத்தில் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பின்னர் டார்வின் தேடியெடுத்துப் படித்தார்.

வட்ஸ்அப் படங்களில் வரும் நீலப்பூ பெரும்பாலும் 'ரோசான்' என்ற வகையாக இருக்கும். அதன் கதை இங்கிலாந்தில் நடந்தாலும் வேர் நம் பக்கத்தில் இருக்கிறது. 1989 இல் சமர்செட் மாவட்டத்தில் டொனால்ட் வோட்டரர், ரோசான் வோட்டரர் தம்பதியின் தோட்டத்தில் யாரும் திட்டமிடாமல் ஒரு கலப்புச் செடி முளைத்தது. அதன் பெற்றோரில் ஒன்று இமாலய ஜெரேனியம். மற்றது வாலிச் ஜெரேனியத்தின் ஒரு தோட்ட வகை. இரண்டும் இமயமலைச் சரிவுகளின் பூக்கள். வாலிச் என்பவர் டென்மார்க்கில் பிறந்த மருத்துவர். 1807 இல் வங்காளத்தின் டேனிஷ் குடியிருப்பான செராம்பூருக்கு வைத்தியராக வந்து, பிறகு கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தை மூன்று தசாப்தம் நடத்தியவர். இந்தியாவின் மலைகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன செடிகளில் பல அவர் கைப்பட்டே போயின.

ரோசான் 2000 இல் சந்தைக்கு வந்தது. 2008 இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அதை ஆண்டின் சிறந்த தாவரமாகத் தெரிவு செய்தது. 2013 இல் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுத் தாவரம் என்ற பட்டமும் கிடைத்தது. ஏன் இவ்வளவு புகழ்? மற்ற ஜெரேனியங்களில் பல, சில வாரங்கள் பூத்து ஓய்ந்துவிடும். ரோசான் ஆனியில் தொடங்கி முதல் உறைபனி வரை பூத்துக்கொண்டே இருக்கும். காரணம் ஒரு குறைபாடு. இரு வேறு இனங்களின் கலப்பு என்பதால் அது மலடு. சாதாரணமாக ஒரு பூ கருக்கட்டியதும் செடியின் உணவு விதைக்குத் திரும்பும், புது மொட்டு குறையும். விதையே பிடிக்காத செடிக்கு அந்த நிறுத்தம் வருவதில்லை. உலகெங்கும் விற்கப்படும் ரோசான் செடிகள் எல்லாம் அந்த ஒரே நாற்றைப் பிரித்தும் இழையவளர்ப்பில் பெருக்கியும் எடுத்த பிரதிகள். ஆகவே, 'ரோசான் விதை' என்று யாராவது இணையத்தில் விற்றால் அது ஏமாற்று.

இனி மாரிகாலத்துக்கு வருவோம். நம் மாரி அல்ல, அவர்களுடைய உறைபனிக் காலம்.

உறைபனி செடியை எப்படிக் கொல்கிறது என்று கேட்டால், கலத்துக்குள் நீர் உறைந்து வெடித்துவிடுகிறது என்பார்கள். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. பனிக்கட்டி முதலில் கலங்களுக்கு வெளியே, இடைவெளிகளில் உருவாகிறது. உருவான கட்டி அங்கே சும்மா இருப்பதில்லை. கலங்களுக்குள் இருக்கும் திரவ நீரை மென்சவ்வு வழியே வெளியே இழுக்கத் தொடங்குகிறது. கலம் சுருங்கும், உள்ளிருக்கும் உப்புகள் செறியும், புரதங்கள் உருக்குலையும், மென்சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். அதாவது செடி குளிரால் சாகவில்லை. வற்றிச் சாகிறது.

இந்த இழுவையை நம் கடற்கரை ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. மீனைக் கீறி உப்புத் தடவி வைத்தால் ஒரு மணி நேரத்தில் தட்டில் நீர் நிற்கிறதே, அதுதான். உப்பு வெளியே இருந்து நீரை இழுக்கிறது. பனிக்கட்டியும் வெளியே இருந்து நீரை இழுக்கிறது. இது வெறும் உவமை என்று நினைத்துவிடக் கூடாது, பௌதிகக் கணக்கே அப்படித்தான். கடல்நீர் உறைவது ஏறத்தாழ −1.9 பாகை செல்சியசில். அந்த வெப்பநிலையில் பனிக்கட்டியும் கடல்நீரும் பக்கத்தில் பக்கத்தில் சமநிலையில் இருக்கும் என்பதுதான் உறைநிலை என்பதன் பொருள். ஆகவே −1.9 பாகையில் பனிக்கட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு கலமும், கடலுக்குள் முக்கி வைத்த ஒரு கலமும் ஒரே வலுவோடு நீரை இழக்கும். −10 பாகைக்குப் போனால் இழுவை ஏறத்தாழ ஐந்து மடங்கு.

ஜெரேனியம் இதற்கு இரண்டு விதமாகத் தயாராகிறது. ஒன்று, இலையையும் தண்டையும் கைவிட்டுவிட்டு வேர்த்தண்டுக்கிழங்கோடு மண்ணுக்குள் அடங்கிவிடுவது. காற்றில் −15 பாகை இருந்தாலும் பனிப்போர்வைக்குக் கீழே மண் அவ்வளவு குளிர்வதில்லை. மற்றது கலத்துக்குள் நடக்கும் ஆயத்தம். பகல் குறுகி, இரவு குளிர்ந்து வரும் சில வாரங்களில் கலங்கள் வெல்லங்களையும் புரோலின் போன்ற அமினோ அமிலங்களையும் சேர்க்கின்றன. இவை கலத்துக்குள் நீரைப் பிடித்து வைக்கும். டிஹைட்ரின் என்ற புரதங்கள் மற்றப் புரதங்களையும் மென்சவ்வுகளையும் சூழ்ந்து, வற்றினாலும் உருக்குலையாமல் தாங்கும். இந்த ஆயத்தத்துக்கு நேரம் வேண்டும். கோடையின் நடுவில் திடீரென ஒரு நாள் உறைபனி கொட்டினால் இதே ஜெரேனியத்தின் இலைகள் கருகிப்போகும்.

உப்பையும் வறட்சியையும் தாங்கும் செடிகள் என்ன செய்கின்றன என்று பார்த்தால், பட்டியல் அநேகமாக இதேதான்: வெல்லம், புரோலின், டிஹைட்ரின். தற்செயல் அல்ல என்பது தொண்ணூறுகளின் இறுதியில் தெரிந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தோமாஷோ குழுவினர் கடுகுக் குடும்பத்துச் சிறு களை ஒன்றில், குளிர் கண்டதும் பரம்பரையலகுகளை இயக்கிவிடும் ஒரு புரதத்தை 1997 இல் கண்டார்கள். யப்பானில் ஷினோசாக்கியும் யமகுச்சி-ஷினோசாக்கியும் அதே களையில் வறட்சி காலத்து ஆளிகளைத் தேடி 1998 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவர் குளிரிலிருந்தும் மற்றவர் வறட்சியிலிருந்தும் புறப்பட்டு, டிஎன்ஏயில் ஒரே சிறு தொடரில் வந்து நின்றார்கள். குளிர் வந்தால் ஒரு புரதமும், வறட்சியோ உப்போ வந்தால் அதன் சகோதரப் புரதமும் அந்தத் தொடரைப் பற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து இயங்குபவை பெரும்பாலும் ஒரே காப்பு வேலைகள். சமீபகாலத் தாவரவியலில் எனக்கு இதைவிடப் பிடித்த கண்டுபிடிப்பு இல்லை.

இப்போது பாண்டிருப்புக்கு வாருங்கள். கல்முனையைத் தாண்டி மருதமுனைக்குப் போகுமுன் வரும் ஊர். கிழக்கே கடல், கால் வைக்கும் இடமெல்லாம் மணல். மாரி தொடங்கினால் கார்த்திகை, மார்கழியில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறும். சித்திரைக்குப் பிறகு வானம் பொய்த்து, கச்சான் கிளம்பினால் ஆனி, ஆடியில் இலையெல்லாம் தீய்ந்துவிடும். மணல் தண்ணீரைப் பிடித்து வைப்பதில்லை; வேருக்குக் கீழே போன நீர் போனதுதான். இதோடு கடற்காற்று கொண்டுவரும் உப்புத் தூவல். 2004 மார்கழியில் ஆழிப்பேரலை இந்தக் கரையில் உயிர்களையும் வீடுகளையும் அள்ளிப்போனது. கிணறுகளையும் வளவுகளையும் உப்பாக்கிவிட்டும் போனது. நல்லவேளையாக மணல் என்பதால் அடுத்தடுத்த மழைகள் உப்பைக் கழுவிக் கீழிறக்கின. களிமண்ணாக இருந்திருந்தால் வெகுகாலம் எடுத்திருக்கும்.

இந்த மண்ணில் கடலுக்கு முதல் வரிசையில் நிற்பவை அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும். இரண்டும் அலை தெறிக்கும் இடத்திலேயே வாழும். வீட்டு வளவுக்குள், யாரும் நீரூற்றாமல், மதில் வெடிப்பிலும் கிணற்றுக்கட்டின் ஓரத்திலும் ஆண்டு முழுதும் பூத்து நிற்கிற பல்லாண்டுப் பூச்செடி என்றால் அது பட்டிப்பூ. நித்தியகல்யாணி என்றும் சொல்வார்கள். தமிழ்நாட்டில் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கியும் வைப்பார்கள். சொந்த ஊர் மடகஸ்கார். மினுங்கும் மெழுகுப் பூச்சுடைய இலை நீரிழப்பைக் குறைக்கும். அடித்தண்டு மரத்தன்மை கொண்டது. இலை கசப்பு என்பதால் ஆடு மாடு வாய் வைக்காது. தெருவில் ஆடு திரியும் ஊர்களில் கடைசித் தகுதி முதல் இரண்டையும்விட முக்கியமானது.

அப்படியானால் ஒரே காப்பு ஏற்பாடு உள்ள ஜெரேனியம் இங்கே ஏன் தோற்கிறது? அதற்கு ஆயத்தம் செய்யத் தெரியும், ஆனால் ஆயத்தம் செய்யச் சொல்லும் அறிவிப்பு இங்கே வருவதில்லை. குறுகும் பகலும் குளிரும் இரவுமே அதன் அறிவிப்பு. பாண்டிருப்பில் மார்கழி இரவும் 23 பாகைக்கு அருகில்தான் நிற்கும்; பகல் நீளம் வருடம் முழுதும் ஒரு மணி நேரமும் மாறாது. அடுத்தது சுவாசம். பகலில் ஒளித்தொகுப்பில் சேர்த்த உணவைச் செடி இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. வெப்பம் பத்துப் பாகை கூடினால் இந்தச் செலவு ஏறத்தாழ இரட்டிக்கும். இமயமலையின் குளிர்ந்த இரவுக்குப் பழகிய கிழங்கு நம் இரவில் தூங்குவதில்லை; சேமிப்பைத் தின்று தீர்க்கும். மெலிந்துபோன அந்தக் கிழங்கு மாரியில் நீர்மட்டம் ஏறும்போது மூச்சுக்கு ஒட்சிசன் இன்றிப் பங்கசு பிடித்து அழுகிவிடும். பெரும்பாலான குளிர்நாட்டுக் கிழங்குகள் இங்கே வெயிலில் அல்ல, மழையில்தான் சாகின்றன.

பட்டிப்பூவை லண்டனுக்குக் கொண்டுபோனாலும் இதே கதை மறுபக்கமாக நடக்கும். அங்கே அதைக் கோடைக்கு மட்டும் விற்கிறார்கள். ஐப்பசியில் பிடுங்கி எறிவார்கள். வற்றுவதைத் தாங்கும் செடி உறைபனியின் வற்றலையும் தாங்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் பனிக்கட்டி உருவாவதற்கு வெகு முன்னரே, பத்துப் பாகைக்குக் கீழே இறங்கும்போதே, வெப்பநாட்டுச் செடிகளின் மென்சவ்வுக் கொழுப்பு இறுகத் தொடங்கிவிடுகிறது. இறுகிய மென்சவ்வில் எந்தப் புரதமும் ஒழுங்காக வேலை செய்யாது. குளிர்நாட்டுச் செடிகள் அந்தக் கொழுப்பையே நெகிழ்வானதாக மாற்றிக்கொள்ளும். பட்டிப்பூவுக்கு அந்த வித்தை தெரியாது. மடகஸ்காரில் அது தேவைப்பட்டதுமில்லை.

தேவைப்பட்ட இன்னொன்றை அது நன்றாகவே கற்றிருக்கிறது: கசப்பு. பட்டிப்பூவில் நூற்றுக்கும் மேற்பட்ட காரப்போலிகள் உண்டு. 1950களில் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில், ரொபர்ட் நோபிள் என்ற ஆய்வாளருக்கு யமேக்காவிலிருந்து இதன் இலைகள் வந்து சேர்ந்தன. அங்கே நீரிழிவுக்கு இதைக் கசாயம் வைத்துக் குடிக்கிறார்கள் என்பதால் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். வாய்வழி கொடுத்தபோது இரத்தத்தின் வெல்லம் குறையவில்லை. ஊசி வழி ஏற்றியபோது எலிகள் தொற்று வந்து செத்தன; வெண்குருதிக் கலங்கள் சரிந்திருந்தன. வெண்குருதிக் கலங்களை அழிப்பது அக்கலங்களின் புற்றுநோயையும் அழிக்கலாமே என்ற யோசனையில், அவரும் சார்ள்ஸ் பியரும் 1958 இல் வின்பிளாஸ்டின் என்ற காரப்போலியைப் பிரித்தெடுத்தார்கள். எலி லில்லி நிறுவனத்தில் ஸ்வபோடா குழுவினர் அதே செடியில் வின்கிறிஸ்டினைக் கண்டார்கள். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது இன்றும் முதன்மை மருந்துகளில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோவுக்கு மேல் உலர்ந்த இலை வேண்டும். வின்கிறிஸ்டினுக்கு 2,000 கிலோ. இவ்வளவு அற்பமாகக் கிடைப்பதன் காரணத்தை 2010 இல் கனடாவின் புரொக் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். வின்பிளாஸ்டின் இரண்டு பாதிகள் சேர்ந்து உருவாவது. செடி ஒரு பாதியை இலையின் மேற்பரப்பு மெழுகில் வைக்கிறது, மற்றப் பாதியை இலைக்குள்ளே கலங்களில் பூட்டி வைக்கிறது. பூச்சி கடித்து நொறுக்கும்போதுதான் இரண்டும் சந்திக்கும். வறட்சியும் உப்பும் கூட இந்தக் கசப்புத் தொழிற்சாலையை முடுக்கிவிடுகின்றன: சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர்கள் உப்பு நீர் ஊற்றி வளர்த்த பட்டிப்பூவின் வேரில் அஜ்மலிசின் என்ற காரப்போலி கூடியதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டு யாரும் இலை பறித்து அவிக்க வேண்டாம். நம் ஊர்களில் சீனி வருத்தத்துக்குப் பட்டிப்பூக் கசாயம் குடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. ஓர் இலையில் எந்தக் காரப்போலி எவ்வளவு இருக்கிறது என்பது மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப மாறும். கலப்பிரிவையே நிறுத்தும் நஞ்சை அளவு தெரியாமல் குடிப்பது வைத்தியம் ஆகாது. வளவில் வளர்ப்பதென்றால் ஒரே ஒரு எச்சரிக்கை: சாடியில் வைத்துத் தினமும் நீரூற்றாதீர்கள். வேரழுகல்தான் அதை அதிகம் கொல்லும் நோய்.

அப்படியும் ஜெரேனியத்தின் ஆசை விடாதவர்கள் நுவரெலியாப் பக்கம் முயன்று பார்க்கலாம். ஆனால் கிழங்கைப் பயணப் பெட்டியில் மறைத்துக் கொண்டுவர எண்ணாதீர்கள். அழகுக்காக ஒரு செடியைக் கொண்டுவந்ததன் விலையை இந்த நாடு ஆகாயத்தாமரையில் கட்டியிருக்கிறது: 1905 இல் அலங்காரச் செடியாக வந்தது, நாலே வருடத்தில், 1909 இல், அதை ஒழிக்கவே தனிச்சட்டம் போட வேண்டியதாயிற்று. கிழங்கோடு வரும் மண்ணில் என்ன பூச்சி, என்ன பங்கசு ஒளிந்திருக்கும் என்பது கொண்டுவருபவருக்கும் தெரியாது. 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செடியோ கிழங்கோ விதையோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதற்கு முன் விவசாயத் திணைக்களத்தின் அனுமதி எடுத்தாக வேண்டும்.